‘ப’ வடிவத்துல யாரை எங்க உக்கார வைக்கிறது? (5ஆம் வகுப்பு, 38 பேர்)

மேலூர் டீச்சர் | 16 ஜூலை 2025, இரவு 9:12

பெஞ்சுகளை ‘ப’ எழுத்து மாதிரி, திறந்த பக்கம் போர்டைப் பார்க்கப் போடணும்னு பள்ளிக்கல்வித் துறைச் சுற்றறிக்கை வந்ததுல இருந்து எங்க பார்த்தாலும் கழுத்து வலிக்குமா வலிக்காதாங்கிற பேச்சுதான். என் கேள்வி வேற. அறை 20க்கு 20 அடி. மூணு பேர் உக்கார்ற டெஸ்க்-பெஞ்ச் 13. பிள்ளைக 38. ஒரு பையன் சக்கர நாற்காலி, மூளை முடக்குவாதம். ஒரு பொண்ணு ரெண்டு காதுலயும் கருவி. ஒரு பையன் ஆட்டிசம், திடீர்னு எந்திரிச்சு ஓடுவான். அடுத்த மாசம் பார்வை இல்லாத பொண்ணு ஒண்ணும் சேரப்போகுது. நாலு பேரையும் முன்னாடி கொண்டுவந்து வச்சிட்டா முடிஞ்சதுங்கிறாங்க ஹெச்.எம். முடியுமா?

வட்டார வளம் | 16 ஜூலை, இரவு 10:05

முடியாது டீச்சர். நாலு பேருக்கும் நாலு இடம்.

முதல்ல சக்கர நாற்காலிப் பையன். தலையை வலப்பக்கம் திருப்பினா வலக்கை தானா நீளுதா, இடக்கை மடங்குதான்னு பாருங்க. கைக்குழந்தைக்கு இருக்கிற அனிச்சைச் செயல் அது. மத்த பிள்ளைகளுக்குச் சில மாசத்துல மறைஞ்சிரும், மூளை முடக்குவாதம் இருக்கிற சிலருக்கு மறையாது. அப்படிப்பட்ட பிள்ளையை ‘ப’வோட பக்கக் கால்ல வச்சா, போர்டைப் பார்க்கத் திரும்புறப்பல்லாம் பென்சில் பிடிச்ச கை நோட்டை விட்டு ஓடிரும். ‘எழுத மாட்டேங்கிறான்’னு பேரு வாங்குவான். அவனுக்குப் போர்டு நேர் எதிர்ல இருக்கணும், அதாவது ‘ப’வோட அடிக்கோட்டுல, நடுவுல. கண்ணு நல்லா இருந்தா 15 அடி தூரம் ஒரு பிரச்சினையே இல்ல.

காதுகருவிப் பொண்ணு பக்கக் கால்ல, போர்டுப் பக்க முனையில. உங்க வாய்க்கும் அவ காதுக்கும் ஆறு அடிக்கு மேல போகக் கூடாது.

ஓடுற பையன் சுவத்துல முதுகு சாய்ஞ்ச மாதிரி, வாசலுக்கு எதிர்ப்பக்கம். நீங்க வழக்கமா நிக்கிற இடம் அவனுக்கும் வாசலுக்கும் நடுவுல வரணும்.

பார்வை இல்லாத பிள்ளைக்கு எந்த இடம்னு அப்புறம் பேசலாம். ஆனா கொடுத்த இடத்தை வருஷம் முழுக்க மாத்தக் கூடாது.

நெகிழ்வான வகுப்பறைன்னா எல்லாத்தையும் தினம் ஒரு பக்கம் தள்ளுறதுன்னு நினைச்சுக்கிறாங்க. பெஞ்சைத் தொடுறதுக்கு முன்னாடி, இந்த அறையில எதெல்லாம் நகரக் கூடாதுன்னு ஒரு தாள்ல எழுதுங்க. அஞ்சாறு வரிதான் வரும். மிச்சத்தை எப்படி வேணா திருப்புங்க.

மட்டப்பலகை | 17 ஜூலை, காலை 6:40

கட்டட வேலை பார்க்கிற ஆளு. கணக்கை மட்டும் போட்டுடுறேன்.

டெஸ்க்-பெஞ்ச் நீளம் அஞ்சடி, டெஸ்க்கும் பெஞ்சும் சேர்த்து ஆழம் மூணடி. போர்டுக்கு முன்னாடி அஞ்சடி விட்டா பக்கத்துக்கு மூணு பெஞ்ச், அடிக்கோட்டுல ரெண்டு. ஆக 8 பெஞ்ச், 24 பேர். மிச்சம் 14 பேருக்கு உள்ள இன்னொரு ‘ப’ போட்டீங்கன்னா: வெளிவரிசை ரெண்டு பக்கமும் சேர்த்து 6 அடி, உள்வரிசை 6 அடி, நடுவுல நடக்கிற சந்து ஒன்றரை ஒன்றரையா 3 அடி. இருபதுல பதினஞ்சு போச்சு. மிச்சம் அஞ்சடி. சக்கர நாற்காலி முழுசா திரும்ப வேண்டிய வட்டமே அஞ்சடி (1500 மி.மீ.). பையும் தூக்குவாளியும் தரையில வச்சா அதுவும் இல்ல.

38 பேருக்கு ரெட்டைப் ‘ப’ உங்க அறையில நிக்காது.

மேலூர் டீச்சர் | 17 ஜூலை, காலை 7:15

அப்ப 14 பேரை எங்க வைக்க, கூரை மேலயா?

வட்டார வளம் | 17 ஜூலை, மதியம் 1:20

தரையில. பிள்ளைகளே அட்டையை வச்சுச் செஞ்சு படிச்ச செயல்வழிக் கற்றல் காலத்துல பூராப் பேரும் பாய்லதானே உக்காந்தாங்க? பிள்ளைக தரையில உக்காந்தே எழுதுற கீழ்மட்டக் கரும்பலகை இன்னும் உங்க சுவத்துல இருந்தா அழிச்சிராதீங்க, அது பெரிய சொத்து. ‘ப’வுக்கு நடுவுல பாய் போட்டு ஒரு குழு, பாடவேளைக்கு ஒரு தடவை ஆள் மாறணும். ஒரே 14 பேர் கீழயே இருக்கக் கூடாது.

ஆனா பாய் போட்டதும் புதுச் சிக்கல் ஒண்ணு வரும். குழு வேலையில எல்லாரும் தரையில, நாற்காலிப் பையன் மட்டும் மேல தனியா. அவனையும் இறக்கணும்னா மூலை இருக்கை வேணும். 12 மி.மீ. பிளைவுட் ரெண்டு துண்டு, ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா, கீழே ஒரு அடிப்பலகை. முதுகு ரெண்டு பலகைக்கும் நடுவுல அடங்கிரும், தோள் முன்னால வரும், கை ரெண்டும் நடுவுக்கு வரும். காலை நீட்டி உக்காரும்போது தொடையோட பின்தசை இறுக்கமா இருந்தா இடுப்பு பின்னால சரிஞ்சு கூன் விழும். அதுக்கு அடிப்பலகையை ரெண்டுல இருந்து நாலு அங்குலம் உயர்த்திடுங்க. கால் ரெண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கிட்டா நடுவுல துண்டைச் சுருட்டி வைங்க. பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை பார்த்து அளவெடுத்துக் கொடுக்கணும், கண்ணளவுல செய்யாதீங்க.

நாற்காலியில இருக்கும்போது இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூணும் 90 டிகிரி. பாதம் அந்தரத்துல தொங்கினா கை ஆடும். எழுத்து கோணுதுன்னு கையைத் திருத்துறதுக்கு முன்னாடி காலுக்கடியில பாருங்க. சாக்கு சுத்துன செங்கல்லே போதும்.

ஆறு புள்ளி | 18 ஜூலை, இரவு 8:30

பார்வையில்லாத ஆசிரியர். பிரெய்ல்தான் எழுதப் படிக்க. (இது திரை வாசிப்பான்ல எழுதுறது, எழுத்துப் பிழை இருந்தா அதுதான் பொறுப்பு.)

வாசல்ல நுழைஞ்சதும் எந்தப் பக்கச் சுவர்ல கை வச்சு நடக்கலாமோ, அந்தச் சுவரோரமா முதல் பெஞ்சு கொடுங்க. அந்தச் சுவர்ல சன்னல் கதவு உள்பக்கம் திறக்குதான்னு பாருங்க. நெத்தி உயரத்துல அரைவாசி திறந்து நிக்கிற கதவுதான் எங்க ஜென்ம விரோதி. ஒண்ணு முழுசா திற, இல்ல முழுசா மூடு.

பிள்ளை சேர்ந்த அன்னைக்கு மத்தவங்க வர்றதுக்கு முன்னாடி காலியறையில ஒரு சுத்து. வாசல், போர்டு, டீச்சர் மேசை, தண்ணிக்குடம், தன்னோட இடம். எப்பவும் வாசல்ல இருந்தே ஆரம்பிக்கணும். பெஞ்சை மாத்தினா மறுபடியும் ஒரு சுத்து.

அப்புறம் போர்டு. ‘இதை இதோட கூட்டினா இது வரும்’னு சொல்லிக்கிட்டே எழுதுறீங்களே, அந்த மூணு ‘இது’வுல எங்களுக்கு ஒண்ணுமே இல்ல. ‘முன்னூத்தி நாப்பதோட அறுபத்தஞ்சு’ன்னு வாயால சொல்லுங்க. காது கேட்காத பிள்ளைக்கு எழுதினது, எங்களுக்குச் சொன்னது. ரெண்டும் செஞ்சா நடுவுல இருக்கிற மந்தமான பிள்ளைக்கும் விளங்கிரும்.

கணக்குக்கு, குழியில அச்சுக்கட்டையைச் சொருகித் தொட்டுப் பார்த்துப் போடுற டெய்லர் சட்டமும் மணிச்சட்டமும் கைவசம் இருக்கணும். பிரெய்ல் பலகையில குத்துறப்ப வலமிருந்து இடம், படிக்கிறப்ப தாளைத் திருப்பி இடமிருந்து வலம். பக்கத்துல இருக்கிற பிள்ளை ‘தப்பாக் குத்துறா டீச்சர்’னு புகார் சொல்லும், நம்பிராதீங்க.

கள்ளிக்குடி | 18 ஜூலை, இரவு 9:50

வாசல்ல இருந்து பெஞ்சு வரைக்கும் தரையில கயிறு ஒட்டி, மேல டேப் போட்டா காலால தடவிப் போயிரலாமே.

மட்டப்பலகை | 19 ஜூலை, காலை 6:10

அதே அறையில சக்கர நாற்காலி இருக்குண்ணே. முன்னாடி இருக்கிற சின்னச் சக்கரம் அரை அங்குலக் கயித்துலயே இடிச்சு நிக்கும், பையன் முன்னால சாய்ஞ்சிருவான்.

ஆறு புள்ளி | 19 ஜூலை, காலை 7:00

கயிறே வேண்டாம். சுவர் போதும். வேணும்னா பெஞ்சுக்கு முன்னாடி ஒரு அடிக்குச் சொரசொரப்பான மிதியடியை ஒட்டிருங்க, ‘இடம் வந்தாச்சு’ன்னு தெரியும். ஓரம் தூக்காம நாலு பக்கமும் ஒட்டணும்.

காதோலை | 20 ஜூலை, மாலை 5:45

செவித்திறன் பக்கம் வேலை. வட்டார வளம் சொன்ன ஆறடி சரிதான். அதோட சன்னலையும் பார்க்கணும். பொண்ணு சன்னலுக்கு முதுகு காட்டி உக்காரணும். வெளிச்சம் உங்க மூஞ்சியில விழணும், உங்க முதுகுக்குப் பின்னால இருந்து வரக் கூடாது. எதிர்வெளிச்சத்துல நின்னா உதடு தெரியாது.

‘ப’ வடிவம் இவளுக்கு நெசமாவே நல்லது. வரிசையில முன்னாடி இருந்தா மத்தவங்க பேசுறது பூராம் முதுகுக்குப் பின்னால. இங்க எதிர்க்கால்ல இருக்கிறவங்க முகம் தெரியும். ஆனா டீச்சர் ‘ப’வுக்குள்ள நடந்து வந்துட்டா பாதிப் பேருக்கு முதுகுதான். அறிவிப்பு, கேள்வி, வீட்டுப்பாடம் எல்லாம் ‘ப’வோட திறந்த பக்கத்துல, போர்டுகிட்ட நின்னே சொல்லுங்க. எழுதிக்கிட்டே பேசாதீங்க. எழுதி முடிச்சு, திரும்பி, அப்புறம் வாயைத் திறங்க. கலந்துரையாடல்ல யாரு பேசுறான்னு தேடுறதுக்குள்ள அவன் பேசி முடிச்சிருப்பான். டஸ்டர் யாரு கையில இருக்கோ அவன்தான் பேசணும்னு வச்சிருங்க.

ஒரு காது மட்டும் கேட்கிற பிள்ளைன்னா கணக்கு வேற. போர்டைப் பார்த்து நின்னா வலப்பக்கம் வர்ற கால்ல உக்காந்தவருக்கு டீச்சர் வலக்கைப் பக்கம். அதனால வலக்காது நல்லா இருந்தா வலக்கால், இடக்காதுன்னா இடக்கால். நிறையப் பேர் தலைகீழா வைக்கிறாங்க.

தினமும் காலையில ரெண்டு நிமிஷ சோதனை. பொண்ணுக்குப் பின்னால நின்னு, சாதாரணக் குரல்ல ம், ஊ, ஈ, ஆ, ஷ், ஸ் ஆறையும் மாத்தி மாத்திச் சொல்லுங்க. ஒவ்வொண்ணு கேட்டதும் ஒரு புளியங்கொட்டை டப்பாவுல போடணும். இடையில சும்மாவும் நில்லுங்க, அப்பவும் போட்டா ஊகத்துல போடுறான்னு அர்த்தம். முதல்ல மூணடி, அப்புறம் ஆறடி. ‘ஸ்’ மட்டும் விழலைன்னா மேல்ஸ்தாயி (கீச்சுன்னு வர்ற ஒலி) கேட்கலைன்னு அர்த்தம். ஆறும் விழலைன்னா பெரும்பாலும் பேட்டரி.

பேட்டரி: ஸ்டிக்கரை உரிச்சதும் உடனே உள்ள போடாதீங்க, குறைஞ்சது ஒரு நிமிஷம் காத்துப் படணும். உரிச்சதைத் திரும்ப ஒட்டினா மிச்சமாகாது. ஆரஞ்சு ஸ்டிக்கர் 13, நீலம் 675. கருவிக்கு எது சொல்லியிருக்கோ அதை மட்டும் வாங்குங்க.

உசிலம்பட்டி மாமா | 20 ஜூலை, இரவு 8:15

ஃபேன் சத்தம் கருவியில இரையுதுன்னு என் அக்கா மகன் பொலம்புறான். அணைச்சா மத்த பிள்ளைக வெந்துரும். மே மாசமே போயிருச்சுன்னாலும் இங்குட்டு வெயில் போகல.

காதோலை | 20 ஜூலை, இரவு 9:05

அணைக்க வேண்டாம். கடகடன்னு அடிக்கிற ஃபேனுக்குப் பேரிங் மாத்துங்க, அவன் தலைக்கு நேர் மேல இருக்கிறதை மட்டும் வேகம் குறைங்க. ஃபேனை விட மோசம் பெஞ்சுக் கால் சிமெண்டுத் தரையில கிரீச்சிடுறது. பழைய டென்னிஸ் பந்துல கூட்டல் குறி மாதிரி கீறி, காலை உள்ள சொருகுங்க. ஊருக்கு ஊரு கிரிக்கெட் ஆடி வெளுத்த பந்து கிடக்கு, காசே இல்ல. நம்ம வெயிலுக்கு வேர்வை வேற. ராத்திரி பேட்டரி மூடியைத் திறந்து, சிலிக்கா மணி போட்ட இறுக்கமான டப்பாவுல கருவியை வைங்க. நீலமணி இளஞ்சிவப்பானா ஈரம் குடிச்சிருச்சுன்னு அர்த்தம், காயவைக்கணும். நீலமணியில கோபால்ட் உப்பு இருக்கு, சின்னப் பிள்ளை கைக்கு எட்டக் கூடாது.

கருவி ‘கூய்’னு கத்தினா, காதுக்குள்ள மாட்டுற காது அச்சு சின்னதாப் போச்சுன்னு நினைங்க. காது வளரும், அச்சு வளராது.

திருமங்கலம் 7 | 23 ஜூலை, இரவு 7:30

கொஞ்சம் தள்ளிப் போறேன். துறுதுறுன்னு கால் ஆட்டிக்கிட்டே இருக்கிற பிள்ளைக்கு நாற்காலிக் கால்ல சைக்கிள் டியூப் கட்டுறாங்களே, அது வேலை செய்யுதா?

வட்டார வளம் | 23 ஜூலை, இரவு 10:20

தனி நாற்காலின்னா கட்டலாம். பஞ்சர் கடையில தூக்கிப் போட்ட டியூபை ஒரு அங்குல அகலத்துக்கு நறுக்கி, முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல, தரையில இருந்து நாலு விரக்கடை மேல. காலால அழுத்தி அழுத்தி விட்டுக்கிட்டே பாடம் கேட்பான். தளர்வா கட்டினா நழுவி மேல ஏறி முழங்கால்ல மாட்டும், குறுக்குக் கம்பிக்குக் கீழ முடிச்சுப் போடுங்க. கம்பி முனை கூரா இருந்தா ரெண்டு வாரத்துல அறுந்து சுளீர்னு அடிக்கும். துணி சுத்தி அப்புறம் கட்டணும். மூணு பேர் பெஞ்சுல கட்டாதீங்க, ஒருத்தன் ஆட்டுறதுல மூணு பேர் எழுத்தும் ஆடும். இதுல கவனம் வந்திரும்னு சத்தியம் பண்ண முடியாது. சிலருக்கு உதவும், சிலருக்கு விளையாட்டுச் சாமான் ஆயிரும், பத்து நாள்ல தெரிஞ்சிரும்.

அழகர்கோவில் ரோடு | 26 ஜூலை, மதியம் 2:00

எங்க பக்கம் ஒரு தனியார் பள்ளியில ‘எங்களால பார்த்துக்க முடியாது’ன்னு அனுப்பிட்டாங்க. சட்டம் என்ன சொல்லுது?

வட்டார வளம் | 26 ஜூலை, இரவு 9:40

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. பிரிவு 16: அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற நிறுவனம் பாகுபாடில்லாம சேர்க்கணும். பிரிவு 31: குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்கிற 6 முதல் 18 வயசுப் பிள்ளைக்கு அருகமைப் பள்ளியிலோ விரும்பின சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி. சட்டத்துல மொத்தம் 21 வகைக் குறைபாடு, ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதுல உண்டு. வாயால சொல்லி அனுப்பினதை எழுத்துல கேளுங்க. எழுதித் தர மாட்டாங்க, அங்கயே பேச்சு மாறும். இல்லைன்னா வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு. இதைத் தனி இழையில போடுங்க, இங்க பெஞ்சு ஓடிக்கிட்டு இருக்கு.

வாடிப்பட்டி டீச்சர் | 2 ஆகஸ்ட் 2025, காலை 8:10

தொடக்க வகுப்புக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துல, படிக்கிற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு உக்கார வைக்கிறதும் ஒரு மாதிரி நெகிழ்வுதானே? அறிவுசார் குறைபாடு இருக்கிற பிள்ளை அரும்புல சங்கடமில்லாம இருக்கு. இதுல குறை என்ன?

வட்டார வளம் | 2 ஆகஸ்ட், இரவு 10:45

குறை ஒண்ணுதான்: ஜூன்ல அரும்புல உக்காந்த பிள்ளை ஏப்ரல்லயும் அங்கயே இருக்கும். நிலை பாடத்துக்குப் பாடம் வேற. தமிழ்ல அரும்பா இருக்கிறவன் கணக்குல மொட்டா இருக்கலாம், எடத்தை மாத்துங்க. பாட்டு, கதை, விளையாட்டு, மதியச் சாப்பாடு நாலும் கலந்துதான். பக்கத்துல உதவிக்கு வைக்கிற கெட்டிக்காரப் பொண்ணை வாராவாரம் மாத்துங்க. மாத்தலைன்னா மூணாவது வாரம் இவன் நோட்டை அவளே எழுதிருவா, கையெழுத்து அழகா இருக்கேன்னு நீங்களும் நட்சத்திரம் போட்டிருவீங்க.

ஒவ்வொரு சிறப்புப் பிள்ளைக்கும் தனியா எழுதுற தனிநபர் கல்வித் திட்டத்துல ‘முன்னேற்றம் அடையச் செய்தல்’னு எழுதாதீங்க, அதை யாரும் அளக்க முடியாது. ‘செப்டம்பர் முடியுறதுக்குள்ள, அஞ்சு படத்துல கேட்ட படத்தை நாலு தடவைக்கு மூணு தடவை எடுத்துக் காட்டுவான்’, இப்படி எழுதுங்க. கைகழுவுறது, பொத்தான் போடுறது மாதிரி வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சு, கடைசித் துண்டை முதல்ல பழக்குங்க. பொத்தானைப் பாதி நீங்க நுழைச்சிட்டு, இழுக்கிறதை மட்டும் அவன் செய்யட்டும். முடிச்ச சந்தோஷம் அவனுக்கு வரும்.

மேலூர் டீச்சர் | 9 ஆகஸ்ட், இரவு 9:00

வைக்கச் சொன்ன மாதிரியே வச்சாச்சு. ஓடுற பையன் எடத்துல உக்கார்றான், ஆனா பாடவேளை மாறும்போது கத்துறான். மணி அடிச்சதும் காதைப் பொத்திக்கிறான். பக்கத்துக் கோயில்ல ஆடிக்கு மைக்செட் கட்டியிருக்காய்ங்க, அது வேற.

வட்டார வளம் | 9 ஆகஸ்ட், இரவு 11:10

அடுத்து என்ன வரப்போகுதுன்னு தெரியாத பயம் அது. அன்னைக்குள்ள பாடவேளைகளைப் படமா ஒட்டுங்க: தமிழ்ப் புத்தகம், எண், தட்டு, பந்து, வீடு. சுண்ணாம்புச் சுவத்துல வெல்க்ரோ நிக்காது, ரெண்டே நாள்ல உதிரும். பழைய ஃபிளெக்ஸ் பேனர்ல ஒரு முழம் வெட்டி, அதுல வெல்க்ரோவைத் தைச்சு ஆணியில தொங்க விடுங்க. முடிஞ்ச படத்தை அவன் கையாலயே எடுத்து டப்பாவுல போடணும், நீங்க எடுத்தா பாதிப் பலன். எட்டுப் படம் அதிகமாத் தெரிஞ்சா ‘முதல்ல இது, பிறகு இது’ன்னு ரெண்டு மட்டும்.

மணிக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி மணிப் படத்தைக் காட்டுங்க. தண்டவாளத் துண்டைத் தட்டுற பிள்ளையை இந்த வகுப்புச் சன்னல்ல இருந்து தள்ளி நின்னு தட்டச் சொல்லுங்க. மைக்செட்டுக்குக் கோயில்காரங்ககிட்ட குழாயை வேற திசைக்குத் திருப்பக் கேளுங்க. பள்ளிக்கூடம்னா திருப்புவாய்ங்க. காதடைப்பான் அந்த நேரத்துக்கு மட்டும். நாள் முழுக்க மாட்டினா சின்னச் சத்தமும் தாங்காமப் போயிரும்.

அறை மூலையில ஒரு பாய், ஒரு மறைப்பு, அஞ்சு நிமிஷ மணல் கடிகாரம். அவனாவே போயிட்டு வரலாம். சேட்டை பண்ற பிள்ளையை அந்த மூலைக்கு அனுப்பினீங்கன்னா அன்னையோட அது தண்டனை மூலை, இவன் அங்க போக மாட்டான்.

கள்ளிக்குடி | 14 ஆகஸ்ட், மாலை 6:30

எங்க பள்ளியில சாய்தளம் போட்டாச்சு. மூணு படி, ஆறடி நீளம். ஒருத்தன் தள்ளினா ஏற மாட்டேங்குது.

மட்டப்பலகை | 14 ஆகஸ்ட், இரவு 8:00

அது பைக் ஏத்துறதுக்குப் போட்டதுண்ணே. 1க்கு 12 கணக்கு: மூணு படி 18 அங்குல உயரம்னா நீளம் 18 அடி. இடம் இல்லைன்னா நடுவுல ஒரு சமதளம் விட்டுத் திருப்பிக் கொண்டு வரலாம். அகலம் நாலடி, மேலயும் கீழயும் அஞ்சடி சமதளம், ரெண்டு பக்கமும் கைப்பிடி, ஓரத்துல சக்கரம் நழுவாம ரெண்டு அங்குல வரம்பு. மேல சிமெண்டை மழமழன்னு தேய்க்காதீங்க, ஐப்பசி மழையில ஆளைக் கவுத்திரும். ஈரமா இருக்கும்போதே விளக்குமாத்தால குறுக்கா இழுத்தா பிடிப்பு கிடைக்கும். வாசப்படிக் கட்டை ஒரு அங்குலம் தூக்கி நின்னா மொத்தச் செலவும் தண்டம், அதையும் சரிவா பூசுங்க. கதவு 900 மி.மீ. திறக்கணும்.

மேலூர் டீச்சர் | 21 ஆகஸ்ட், இரவு 9:25

கடைசியா ஒண்ணு. சக்கர நாற்காலி டெஸ்க்குக்குள்ள போகல, பெஞ்சு டெஸ்க்கோட வெல்டு பண்ணியிருக்கு. அறுக்கலாமா?

மட்டப்பலகை | 21 ஆகஸ்ட், இரவு 10:00

அறுக்காதீங்க. இருப்புப் பதிவேட்டுல இருக்கிற சாமான், தணிக்கையில மாட்டுவீங்க. தனி மேசை ஒண்ணு போடுங்க. தரையில இருந்து மேசையோட அடிப்பலகை வரைக்கும் 70 செ.மீ. காலியா இருக்கணும், குறுக்குக் கட்டை முன்பக்கம் வேண்டாம், பின்னால மட்டும். முழங்கை உயரத்துக்கு மேற்பலகை வருதான்னு பையனை உக்கார வச்சு அளந்துட்டு ஆசாரிகிட்ட சொல்லுங்க. முன்னோரத்துல வயித்துக்கு ஒரு அரைவட்டம் வெட்டினா முழங்கை ரெண்டும் பலகை மேல நிக்கும். பென்சில் உருளாம மூணு பக்கமும் அரை அங்குலச் சட்டம்.

வட்டார வளம் | 21 ஆகஸ்ட், இரவு 10:30

அந்த மேசையை அடிக்கோட்டுப் பெஞ்சோட ஒட்டிப் போடுங்க டீச்சர், தனியா முன்னால தள்ளி வேண்டாம். பக்கத்துல ரெண்டு பேர் இடிச்சுக்கிட்டு உக்காரட்டும். பிரேக் போட்டிருக்கான்னு பார்க்கிற வேலையையும் அவனுகளுக்கே கொடுத்திருங்க.